பாப் டிலனை மேடையில் கேட்பது எப்படி: டிக்கெட் வாங்குவதிலிருந்து வீடு திரும்பும் வரை

2017 மே மாதம், லண்டன் வெம்ப்லி அரங்கில்தான் பாப் டிலனை முதன்முதலாக நேரில் கேட்டேன். நடுவில் ஒரு பாட்டு வந்தது. இரண்டு சரணம் முடிந்த பிறகுதான் அது 'டேங்கில்ட் அப் இன் ப்ளூ' என்று எனக்குப் பிடிபட்டது. கல்லூரி விடுதியில் கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டு. மெட்டு வேறு, வேகம் வேறு, சில வரிகள்கூட வேறு. எனக்கு முன்வரிசையில் இருந்த இருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். நானும் வீடு திரும்பும்போது எதையோ பறிகொடுத்த மாதிரிதான் இருந்தேன்.

ஏழு வருடம் கழித்து, 2024 நவம்பரில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குப் போனேன். அதே மனிதர், இப்போது வயது 83. குரல் இன்னும் கரகரப்பு. அன்று ஒரு நிமிடம்கூட என் கவனம் நகரவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவரை எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். லண்டனை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஊர் அது. ஆனால் அவர் எந்த ஊரில் பாடினாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: யாரைக் கேட்கப் போகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள்

டிலன் பிறந்தது 1941 மே 24, மினசோட்டா மாநிலத்தின் டலூத் நகரில். 1960-களின் தொடக்கத்தில் கிட்டாரும் கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவுமாக நியூயார்க்கில் பாடத் தொடங்கினார். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இதெல்லாம் அநேகமாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். கச்சேரிக்குப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு சில விஷயங்கள்.

1988 ஜூன் 7 அன்று கலிஃபோர்னியாவின் கான்கார்டில் ஒரு சுற்றுப்பயணம் தொடங்கினார். அதற்கு 'முடிவில்லாப் பயணம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட மேடைகள். கொரோனா காலத்தில்தான் அது நின்றது. பிறகு 2021 நவம்பரில் 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' என்ற தன் 2020 ஆல்பத்தின் பெயரிலேயே மறுபடியும் கிளம்பினார். ஒரே பாட்டை முப்பது வருடமாக வாரத்துக்கு மூன்று நான்கு முறை பாடுகிற ஒருவர், அதைப் பதிவில் இருக்கிற மாதிரியே பாடிக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டு அவருக்கே செத்துப் போயிருக்கும். அதனால்தான் மாற்றுகிறார். மாற்றுவதுதான் அவர் தொழில் செய்கிற முறை.

நமக்கு இது புதிதா என்ன? மார்கழியில் சபாவுக்குப் போகிற யாரும், வித்வான் போன வருடம் பாடிய தோடியை அப்படியே திருப்பிப் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒரு வரியை எடுத்து நிரவல் செய்யும்போது, தெரிந்த வரிதானே என்று யாரும் எழுந்து போவதும் இல்லை. அந்தக் காதோடு டிலன் கச்சேரிக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. ராக் கச்சேரிக்குப் போகிற காதோடு, கூடச் சேர்ந்து பாடலாம் என்ற எண்ணத்தோடு போனால் வெம்ப்லியில் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

இன்னும் மூன்று விஷயங்கள். 2002-லிருந்து மேடையில் அவர் பெரும்பாலும் கீபோர்டிலோ பியானோவிலோதான் இருக்கிறார். கிட்டார் வைத்திருக்கும் அந்தப் பழைய படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டாவது, பேச மாட்டார். வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்வார், அவ்வளவுதான். மூன்றாவது, ஊரறிந்த பழைய பாட்டுகளை எல்லாம் வரிசையாகப் பாடுவார் என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் பாடிய 17 பாட்டில் 9 பாட்டு அந்த 2020 ஆல்பத்திலிருந்துதான்.

இரண்டாம் படி: டிக்கெட்

தேதி அறிவிப்பு முதலில் அவருடைய அதிகாரபூர்வ இணையதளத்தின் பயணப் பக்கத்தில் வரும். அங்கேயும், உங்கள் ஊர் அரங்கத்தின் தளத்திலும் மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள். விற்பனை காலையில் திறக்கும். கணக்கு, கடவுச்சொல், கார்டு விவரம் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே சரிபார்த்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கடவுச்சொல் தேடிக்கொண்டிருந்தால் நல்ல இடம் போய்விடும்.

கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். கச்சேரிக்கு முந்தைய வாரத்தில், போக முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகள் வரும். மேடை அமைப்பு முடிவானதும் அரங்கமே கொஞ்சம் இருக்கைகளை விடுவதும் உண்டு. தினமும் காலையும் மாலையும் ஒருமுறை பாருங்கள். பிரிட்டனில் ட்விக்கெட்ஸ் (Twickets) போல, அச்சடித்த விலைக்கு மேல் விற்க விடாத மறுவிற்பனைத் தளங்கள் இருக்கின்றன. அங்கே தேடலாம். முகம் தெரியாத ஆள் ஒருவர் சமூக வலைத்தளத்தில் 'என்னிடம் இரண்டு இருக்கிறது, பணத்தை அனுப்புங்கள்' என்றால் அனுப்பாதீர்கள். என் நண்பர் ஒருவர் அப்படி அனுப்பி, கச்சேரி அன்று வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

மூன்றாம் படி: எங்கே உட்காருவது

டிலன் விஷயத்தில் இதை யோசித்துச் செய்ய வேண்டும். பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், மேடை வெளிச்சமும் குறைவு. பெரிய திரை வைத்து முகத்தைக் காட்டுகிற பழக்கம் அவரிடம் இல்லை. நேர் எதிரே, தரைமட்டத்தில், பத்துப் பதினைந்து வரிசை தள்ளி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலையும் பியானோவும் சேர்ந்து அவரை மறைத்துவிடும். கொஞ்சம் உயரமான பக்கவாட்டு இருக்கை நல்லது. விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-இல் திறந்த வட்ட அரங்கம், சுமார் 5,200 பேர் அமரலாம். ஒரு காலத்தில் எதிரொலிக்குப் பேர் போன இடம். 1969-இல் கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அது அடங்கியது. தலையைத் தூக்கிப் பாருங்கள், இப்போதும் தொங்குகின்றன. மேலே 'சர்க்கிள்' என்ற அடுக்கு செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம். அப்பாவுக்காக நான் 'ஸ்டால்ஸ்' என்ற கீழ் அடுக்கில் பக்கவாட்டில் எடுத்தேன். அங்கிருந்து பியானோவின் பக்கம் தெரிந்தது, அவர் கைகளும் தெரிந்தன.

நான்காம் படி: ஆறு வாரம் காதைத் தயார் செய்யுங்கள்

நேரம் இல்லை என்றால் மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிடலாம், இதை மட்டும் விட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம், அந்தச் சமயத்தில் அவர் எந்த ஆல்பத்தை ஒட்டிப் பயணம் செய்கிறாரோ அதை மட்டும் கேளுங்கள். 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' என்றால் பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட 17 நிமிடம், கென்னடி கொலையைப் பற்றியது. அதை மட்டும் இந்தப் பயணத்தில் மேடையில் பாடவில்லை. மற்ற ஒன்பதும் வந்தன. வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடாமல், பாட்டின் வரிகளை எதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். வரிகள் அவருடைய தளத்திலேயே இருக்கின்றன. நம்மில் பலருக்கு அவர் உச்சரிப்பு பிடிபடாது. வரி தெரிந்தால், அவர் எந்தச் சொல்லை இழுக்கிறார், எதை விழுங்குகிறார் என்று கவனிக்க முடியும். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, நான்காவது வாரம் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. 1967-இல் அவர் பதிவு செய்தது கிட்டார், ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ் மட்டும். மூன்றே சரணம், இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். மறுவருடம் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எடுத்துப் புயலாக்கினார். 1974-இல் 'தி பேண்ட்' குழுவுடன் பயணம் போனபோது டிலனே ஹெண்ட்ரிக்ஸ் காட்டிய வழியில் அதைப் பாடினார். தன் பாட்டை இன்னொருவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்! 1978 டோக்கியோ புடோகான் பதிவில் அதே பாட்டுக்கு வயலின் வந்துவிட்டது. இந்த நான்கையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். அப்புறம் மேடையில் ஐந்தாவதாக ஒன்று வரும்போது உங்களுக்கு அதிர்ச்சி இருக்காது. 'இன்று இதை எங்கே கொண்டுபோகிறார்' என்ற ஆவல்தான் இருக்கும்.

ஐந்தாவது வாரம் குரலுக்குப் பழகுங்கள். 2015-லிருந்து 2017 வரை அவர் மூன்று ஆல்பங்களில் ஃபிராங்க் சினாட்ரா காலத்துப் பாட்டுகளைப் பாடினார். மெதுவான, மூச்சை அளந்து பாட வேண்டிய பாட்டுகள். என் அபிப்பிராயம், வயதான குரலை எப்படிக் கையாள்வது என்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். அதற்கு முந்தைய பத்து வருடத்து மேடைப் பதிவுகளில் அடிக்கடி குரைக்கிற மாதிரி இருக்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார். 2021-இல் இணையத்தில் ஒளிபரப்பாகி 2023-இல் ஆல்பமாக வந்த 'ஷேடோ கிங்டம்' இதற்கு நல்ல நுழைவாயில். பழைய பாட்டுகள், இன்றைய குரல், டிரம்ஸ் இல்லை.

ஆறாவது வாரம் சும்மா இருங்கள். முந்தைய ஊர்களில் என்னென்ன பாடினார் என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கும். பார்க்கலாமா கூடாதா என்பது உங்கள் விருப்பம். 1990-களில் ஒவ்வொரு இரவும் பட்டியல் மாறும், பார்த்தும் பயன் இல்லை. இந்தப் பயணத்தில் ஏறக்குறைய ஒரே வரிசைதான். நான் பார்த்துவிட்டுத்தான் போனேன், அப்பாவுக்கும் பாட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல்முறை போகிறவர்கள் பார்ப்பதே நல்லது என்பேன். 'இது என்ன பாட்டு' என்று தேடுவதிலேயே பாட்டு போய்விடக் கூடாது.

ஐந்தாம் படி: செல்போன் இல்லாத மூன்று மணி நேரத்துக்குத் தயாராகுங்கள்

இந்தப் பயணத்தில் போனை உள்ளே பயன்படுத்த விடுவதில்லை. வாசலில் கனத்த துணியால் ஆன ஒரு சிறிய பையைக் கொடுப்பார்கள். 'யாண்டர்' பை என்பார்கள். போனை அதில் போட்டு மூடினால் காந்தப் பூட்டு விழுந்துவிடும். பை உங்களிடமேதான் இருக்கும், ஆனால் திறக்க முடியாது. வெளியே வரும்போது வட்டமான ஒரு கருவியில் தட்டினால் திறந்துகொள்ளும். அவசரம் என்றால் இடையிலும் வெளிக்கூடத்துக்கு வந்து திறந்து பேசலாம்.

இதற்கு முன்னேற்பாடு வேண்டும். வீட்டில் குழந்தையை விட்டுப் போகிறவர்கள், இருக்கை எண்ணையும் அரங்கத்தின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் வாட்ச்சையும் பையில் போடச் சொல்லலாம், அதனால் சாதாரணக் கடிகாரமாக இருந்தால் நல்லது. கூட வருகிறவரோடு கச்சேரி முடிந்ததும் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். கடைசி ரயில் நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவைப் போனில் பார்க்கிறவர்கள் வாசலில் ஊழியரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அப்பாவுக்கு நான் டிக்கெட்டைத் தாளிலும் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

முதலில் எனக்கும் இது எரிச்சலாகத்தான் இருந்தது. உள்ளே போன பிறகு பார்த்தால், ஐயாயிரம் பேர் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் 1966-இல் இதே அரங்கில் டிலனைக் கேட்டதாக அப்பாவிடம் சொன்னார். மின்கிட்டாரை எடுத்ததற்காக ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு எதிர்த்த பயணம் அது. போன் கையில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

ஆறாம் படி: அன்று மாலை

முன்னோடிக் குழு கிடையாது, இடைவேளை கிடையாது, டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குப் பெரும்பாலும் சரியாக ஏறிவிடுவார். ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினால் அருங்காட்சியகங்களுக்குப் போகும் சுரங்கப்பாதை இருக்கிறது. மழைக்கு அது வழியே போய் எக்ஸிபிஷன் சாலையில் ஏறி நடந்தால் கால் மணி நேரம். பெரியவர்கள் கூட வந்தால் விக்டோரியாவிலிருந்து 52-ஆம் எண் பேருந்து அரங்கத்தின் பக்கத்திலேயே விடும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெரிய பை வேண்டாம். கழிப்பறைக்கு முன்னாலேயே போய்விட்டு வாருங்கள். நடுவில் எழுந்தால் குறைந்தது ஒரு பாட்டு போய்விடும்.

ஏழாம் படி: உள்ளே

விளக்கு அணைந்ததும் முதல் இரண்டு பாட்டுக்கு எதையும் மதிப்பிடாதீர்கள். குரல் சூடேற வேண்டும், ஒலி சீராக வேண்டும், உங்கள் காதும் பழக வேண்டும். அன்று அவர் எடுத்ததே 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'தான். நான்கு வடிவம் கேட்டுவிட்டுப் போன எனக்கு அது ஐந்தாவது.

பிறகு, குரலைப் பின்தொடருங்கள். வாத்தியங்கள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். அவர் வரியை எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். பதிவில் ஓர் இடத்தில் விழுகிற சொல்லை, இங்கே தள்ளிப் போடுவார், தள்ளிப் போடுவார், இனிமேல் இடமே இல்லை என்கிற நேரத்தில் நான்கு சொற்களை ஒன்றாகக் கொட்டி முடிப்பார். மூன்றாவது பாட்டிலேயே அப்பா என் பக்கம் சாய்ந்து, "எடுப்பை எப்படித் தள்ளித் தள்ளி வெக்கிறார் பாருடா. ஆனா வந்து சேர்ற இடம் தப்பவே இல்ல" என்றார். அப்பாவுக்கு வரிகளில் பாதி புரிந்திருக்காது. நாற்பது வருடமாக மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்ட கை அவருடையது. அதற்குப் பிறகு அவர் தொடையில் விரலை எண்ணிக்கொண்டேதான் கேட்டார்.

வாத்தியக்காரர்களையும் விடாதீர்கள். பேஸ் வாசிக்கும் டோனி கார்னியர் 1989-லிருந்து டிலனோடு இருக்கிறார். அவருடைய கண் டிலனின் கையை விட்டு நகராது. பாட்டு எப்போது முடியும் என்பது அந்தக் கையில்தான் இருக்கிறது. 2024 இலையுதிர்காலத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜிம் கெல்ட்னர், அவருக்கும் எண்பது வயதைத் தாண்டியிருந்தது. அவர் அடிப்பதைவிட அடிக்காமல் விடும் இடங்கள் அழகு. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகருக்கு இடம் விடுவது எப்படி என்று நமக்குத் தெரியும். அதைத்தான் அவர் செய்தார்.

பியானோவைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஒரே சின்னச் சங்கதியைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார், சில சமயம் சுருதிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார், உண்மைதான். ஆனால் கைகளைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்ததால் ஒன்று தெரிந்தது. ஒரு வரியைப் பாடி முடித்ததும் வலது கை அந்த வரியின் கடைசி இரண்டு சொல்லின் அசையைப் பியானோவில் மறுபடி சொல்லும். பாடியதற்குத் தானே பதில் சொல்லிக்கொள்கிற மாதிரி. அதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு அந்தப் பியானோ தொந்தரவாகவே தெரியவில்லை.

கைதட்டல் எங்கே என்று குழப்பம் வேண்டாம். பாட்டு முடிந்ததும் தட்டுங்கள். ஹார்மோனிகாவை எடுத்து வாயில் வைத்தாலே அரங்கம் ஆர்ப்பரிக்கும், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். 'அந்தப் பாட்டைப் பாடுங்கள்' என்று கத்தாதீர்கள். அவர் நேயர் விருப்பம் ஏற்பவர் இல்லை, சுற்றியிருப்பவர்களுக்கும் அது இடைஞ்சல்.

கடைசிப் பாட்டு 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்', 1981-இல் வந்தது. ஒவ்வொரு மணல் துகளிலும் இறைவனின் கையைக் காண்கிற பாட்டு. அதன் முடிவில் ஹார்மோனிகா. மூச்சு குறைந்த ஒரு முதியவர் ஊதுகிற நீண்ட, மெல்லிய சுரங்கள். அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. அப்பா விரல் எண்ணுவதை நிறுத்தியிருந்தார். முடிந்ததும் டிலன் எழுந்து, குழுவோடு முன்னால் வந்து, ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தபடி நின்றார். அவ்வளவுதான். மறுபடி வந்து பாடுகிற வழக்கம் இந்தப் பயணத்தில் இல்லை, காத்திருக்க வேண்டாம்.

எட்டாம் படி: வெளியே வந்த பிறகு

போன் பை திறக்கும் இடத்தில் கூட்டம் நெரியும். ஐந்து நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தப் பாட்டு உங்களை உலுக்கியது, எந்த இடத்தில், எந்தச் சொல்லில். வீடியோ எடுத்திருக்க மாட்டீர்கள், காலையில் பாதி மறந்துவிடும். 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' ஆல்பத்துப் பாட்டு ஒன்றைப் பற்றி என் தாளில் இருப்பது இதுதான்: "கீ வெஸ்ட் – பியானோ மட்டும் – கிட்டத்தட்ட பேச்சு."

பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், எது பிடிக்கவில்லை என்று துல்லியமாக. வெம்ப்லியில் எனக்குப் பிடிக்காமல் போன அந்தப் பாட்டைத்தான் பிறகு அதிகம் தேடிக் கேட்டேன்.

அவர் அந்த லண்டன் கச்சேரிகளோடு நிற்கவில்லை, 2025-இலும் மேடையேறினார். ஆனாலும் 1941-இல் பிறந்தவர். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நாங்கள் 52-ஆம் எண் பேருந்தின் மாடியில் உட்கார்ந்து விக்டோரியா வரை வந்தோம். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. நான் எழுதிக் கொடுத்த பாட்டுப் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே அதை எடுத்து விரித்து, முதல் பெயரில் விரலை வைத்து, "இதை முதல்ல பாடினப்போ எப்படிப் பாடினார்? அதைப் போடு" என்றார். 1967 பதிவைப் போட்டேன்.